கேரவனில் ஆபீஸ், ஜன்னலுக்கு வெளியே சோழர் விமானம்: மாமல்லபுரம் முதல் மதுரை வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பில் வேலை பார்க்கும் இருவர், லீவு போடாமல், வேனிலேயே தங்கிச் சமைத்து, தமிழ்நாட்டின் பழைய கோயில்களையும் கோட்டைகளையும் பார்த்துவர என்னென்ன வேண்டும் என்பதற்கான பதில்கள் இவை. கணக்குகள் எல்லாம் ஃபோர்ஸ் டிராவலர் அளவுள்ள வேன், 2 பேர், சுமார் 2 வாரம் என்ற அடிப்படையில்.

கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் வைத்திருக்கிறார்களே, அதுவா?

அது மேக்கப் போட, உடை மாற்ற. ஜெனரேட்டர் வேன் ஒன்று பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே பேசுவது படுக்கை, சிறு அடுப்படி, மேசை, கழிப்பறை, தனி பேட்டரி எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன். நம் ஊரில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் டிரைவரோடுதான் வரும். பேசும்போது ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா எவ்வளவு, டிரைவர் இரவில் எங்கே தூங்குவார் என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூன்றாவதைக் கேட்க மறந்தவர்கள் முதல் இரவு 10 மணிக்கு லாட்ஜ் தேடி அலைவார்கள்.

எந்த வழி? எத்தனை நாள்?

சென்னையிலிருந்து ஈசிஆரில் மாமல்லபுரம். அங்கிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சி. பிறகு விழுப்புரம், பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். அடுத்து கும்பகோணம் ஒட்டிய தாராசுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி, மதுரை. தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை சுமார் 60 கிலோமீட்டர், புதுக்கோட்டையிலிருந்து திருமயம் 20. எந்தத் தாவலும் அரை நாளுக்கு மேல் பிடிக்காது.

இந்தத் தூரங்களைப் பார்த்துவிட்டு, “ஐந்து நாளில் முடித்துவிடலாமே” என்று தோன்றும். சுற்றுலாவுக்கு மட்டும் போகிறவர்கள் முடிக்கலாம். வேலையும் பார்க்கிறவர்கள் ஒரு தங்கலுக்கு 3 இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம், கும்பகோணம் பக்கம், தஞ்சை, காரைக்குடி என நான்கு தங்கல், செஞ்சியில் ஒரு இரவு, கடைசியில் மதுரையில் ஒரு இரவு. மொத்தம் 14 இரவு. வண்டி நகரும் நாள்களைச் சனி, ஞாயிறிலோ மீட்டிங் இல்லாத நாளிலோ வையுங்கள். வண்டி ஓடும்போது மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்யலாம் என்ற நினைப்பு முதல் வேகத்தடையோடு போய்விடும்.

வேலை நேரமும் கோயில் நேரமும் இடிக்காதா?

இந்தப் பயணத்தின் முடிச்சே இதுதான். கோயில்கள் சுமாராகக் காலை 6 மணிக்குத் திறந்து, 12 அல்லது 12.30க்கு நடை சாத்தி, மாலை 4க்கு மறுபடி திறக்கும். கோட்டைகளுக்கும் மாமல்லபுரத்துக்கும் இந்த இடைவேளை இல்லை. ஆனால் மாலை வெளிச்சம் போனால் கதவு சாத்திவிடுவார்கள். ஆகவே பயணத் திட்டத்தைத் தூரத்தை வைத்துப் போடாதீர்கள், நடை சாத்தும் நேரத்தை வைத்துப் போடுங்கள்.

இந்திய ஆபீஸ் நேரம் என்றால் காலை 6 முதல் 8.30 வரை கோயில், 9.30க்கு லாகின். மாலையில் ஆறரைக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்று.

சிங்கப்பூர் நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு அடித்தது யோகம். அங்கே காலை 9 இங்கே 6.30, அங்கே மாலை 6 இங்கே 3.30. லேப்டாப்பை மூடி முகம் கழுவும் நேரத்தில் நடை திறக்கும்.

இங்கிலாந்து நேரம் என்றால் குளிர்காலத்தில் மதியம் 2.30க்கும் கோடையில் 1.30க்கும் வேலை தொடங்கும். காலை முழுக்க உங்களுடையது. செஞ்சி மாதிரி ஏறி இறங்கும் இடத்துக்கு இதுதான் தோது.

அமெரிக்க ஷிஃப்ட்காரர்கள்தான் ஏமாறுவார்கள். பகல் முழுக்கச் சும்மா இருப்பதாகத் தோன்றும். நியூயார்க் நேரத்தில் வேலை என்றால் குளிர்காலத்தில் விடிகாலை மூன்றரைக்குத்தான் முடியும். தூங்கி எழுந்தால் 11, குளித்துச் சாப்பிட்டால் நடை சாத்தியாகிவிடும். கையில் மிஞ்சுவது மாலை 4 முதல் 6.30 வரைதான்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் மழை. வயலோர மண்தரையில் நிறுத்திய 4 டன் வண்டி காலையில் அச்சுவரை புதைந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்ய முடியாது. பேட்டரியும் ஏசிக்கு ஈடுகொடுக்காது.

மார்கழியில் கோயில்கள் விடியுமுன்னே திறக்கும், அது லாபம். ஒலிபெருக்கியும் அப்போதே திறக்கும். கோயிலுக்கு 300 மீட்டருக்குள் தூங்காதீர்கள். பிரதோஷத்தன்று மாலை சிவன் கோயில்களில், அதுவும் தஞ்சைப் பெரிய நந்திக்கு முன்னால், நிற்க இடம் இருக்காது. ஐப்பசி சதயத்தில் தஞ்சையிலும் ஆடித் திருவாதிரையில் கங்கைகொண்ட சோழபுரத்திலும் விழா. பார்க்கப் போவதென்றால் போங்கள், அன்று வீடியோ மீட்டிங் மட்டும் வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் டவர் திணறும்.

இன்டர்நெட் நம்பலாமா?

ஒரே கம்பெனியின் இரண்டு சிம் ஒரே சிம்தான். ஜியோ ஒன்று, ஏர்டெல் ஒன்று வையுங்கள். பிஎஸ்என்எல் மூன்றாவதாக இருந்தால் கிராமப்புறத்தில் சில நேரம் கைகொடுக்கும். வேனின் உடம்பு இரும்பு. உள்ளே சிக்னல் இரண்டு கோடு என்றால் கூரைக்கு மேல் மூன்று, நான்கு கோடு இருக்கும். கூரையில் ஆன்டெனா வைத்த இரட்டை சிம் ரூட்டர் நல்லது. இல்லாவிட்டால் ஹாட்ஸ்பாட் போடும் போனைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டி வையுங்கள், மேசையில் வேண்டாம்.

சோதிக்கும்போது டவுன்லோட் வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். உங்கள் முகமும் குரலும் போவது அப்லோடில். வீடியோ மீட்டிங்குக்கு 2 எம்பிபிஎஸ் அப்லோட் விடாமல் வந்தால் போதும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி டேட்டா கரையும். தினசரி 2 ஜிபி பேக் இரண்டாவது மீட்டிங்கிலேயே முடிந்துவிடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். தங்கலுக்கு வந்த அன்று மாலையும் மறுநாள் மீட்டிங் நேரத்துக்கு ஒரு மணி முன்பும் ஒவ்வொரு முறை சோதியுங்கள். காலை 6 மணி வேகமும் இரவு 9 மணி வேகமும் ஒன்றல்ல.

எவ்வளவு பேட்டரி வேண்டும்?

வீட்டு யூனிட் கணக்கிலேயே போடுவோம். இரண்டு லேப்டாப், ஒன்றுக்கு 50 வாட் வீதம் 8 மணி நேரம்: 0.8 யூனிட். இரண்டு 12 வோல்ட் ஃபேன், 20 வாட் வீதம் 12 மணி நேரம்: 0.48. கம்ப்ரசர் வைத்த சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 0.5. ரூட்டர், விளக்கு, தண்ணீர் மோட்டார், போன் எல்லாம் சேர்த்து 0.3. மொத்தம் 2 யூனிட்டுக்குச் சற்று மேல்.

12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 2.56 யூனிட் இருக்கும். அதில் 80 சதவீதம் பயன்படுத்தலாம். சரியாக ஒரு நாள். மேகமூட்டமோ சார்ஜ் போட மறந்த இரவோ வந்தால் தாங்க வேண்டுமென்றால் 300 ஆம்பியர்-அவர் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ட்யூபுலர் பேட்டரி வேண்டாம். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆசிட் தளும்பும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல்.

பலரும் கவனிக்காத ஒரு ஓட்டை இன்வெர்ட்டர். 2,000 வாட் இன்வெர்ட்டர் எதையும் மாட்டாமல் சும்மா ஆன் ஆகி இருந்தாலே 20 வாட் தின்னும். ராப்பகலாக விட்டால் 0.48 யூனிட், ஒரு ஃப்ரிட்ஜுக்குச் சமம். லேப்டாப்புக்கு 12 வோல்ட்டிலேயே வேலை செய்யும் 100 வாட் டைப்-சி சார்ஜர் மாட்டிவிட்டு, இன்வெர்ட்டரை மிக்ஸிக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் மட்டும் போடுங்கள்.

சோலார் மட்டும் போதாதா?

400 வாட் பேனல் நம் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 2 யூனிட் தர வேண்டும் என்று கணக்கு சொல்லும். கைக்கு வருவது 1.3 அல்லது 1.4. கூரையில் படுக்கையாக இருப்பதால் கொஞ்சம் போகும், சூட்டில் கொஞ்சம் போகும். பேனல் 65 டிகிரிக்குச் சூடானால் 15 சதவீதம் அளவுக்குக் குறையும். ஒரு தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தாலே பாதிக்கு மேல் படுத்துவிடும். நிழலில் நிறுத்தினால் உள்ளே குளுமை, பேட்டரி காலி. வெயிலில் நிறுத்தினால் பேட்டரி நிறையும், நீங்கள் வேகுவீர்கள். சோலாரை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஓடும்போது என்ஜினிலிருந்து சார்ஜ் ஏற டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு (என்ஜின் சுழற்சியில் மின்சாரம் தயாரிக்கும் கருவி) நேராக இணைத்தால், அது கிடைக்கிற கரண்டையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். 30 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 0.38 யூனிட் ஏற்றும். தஞ்சை முதல் புதுக்கோட்டை வரை ஓட்டினால் அரை யூனிட் கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் லாட்ஜ் பிளக்கில் மாட்டலாமா?

அதுதான் வழி. 40 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் சுமார் 600 வாட்தான் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும். 4 மணி நேரத்தில் 2 யூனிட் ஏறிவிடும். ஏசி ஓட்டுவதென்றால் 16 ஆம்பியர் பிளக் வேண்டும், அனுமதியும் வேண்டும்.

மாட்டுமுன் சாக்கெட் டெஸ்டரைச் செருகி எர்த் இருக்கிறதா பாருங்கள். வராந்தா பிளக்குகளில் எர்த் ஓட்டை இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது. வேன் பக்கம் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் வெளி மின்சாரம் எடுக்கவே கூடாது. ஈரத்தரையில் நின்று இரும்புக் கதவைத் தொடப்போவது நீங்கள்தான். எக்ஸ்டென்ஷன் கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. 20 மீட்டர் சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடியே ஏசி ஓட்டினால் சுருளின் நடுவில் சூடு தேங்கி உறை இளகும்.

பேட்டரி நிறைய இருக்கிறது, ஆனால் இண்டக்‌ஷன் போட்டதும் இன்வெர்ட்டர் கத்தி அணைகிறது. ஏன்?

பத்தில் எட்டு முறை பேட்டரி மேல் குற்றமில்லை, இணைப்பில்தான். 2,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 185 ஆம்பியர் வரை ஓடும். அந்தக் கரண்டுக்கு 50 சதுர மில்லிமீட்டர் கேபிள், நீளம் 2 மீட்டருக்குள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரி முனையில் இருக்கும் லக்கை, அதாவது கேபிள் நுனியில் மாட்டிய உலோக வளையத்தை, பாருங்கள். சிவப்புச் சுருக்கு உறை ஓரத்தில் பழுப்பேறி இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் கருகிய பிளாஸ்டிக் வாடை வரும், நட்டு விரலாலேயே சுழலும். குண்டும் குழியுமான சாலையில் 300 கிலோமீட்டர் அதிர்ந்ததில் தளர்ந்தது. லக் கறுத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிய லக்கை கிரிம்ப் செய்ய (கருவியால் நசுக்கிப் பொருத்த) வேண்டும். வெறும் இறுக்கம் போதாது. ஸ்பிரிங் வாஷர் போட்டு, நட்டின் மேல் பெயின்ட் கோடு ஒன்று இழுத்து வைத்தால் அடுத்த முறை தளர்ந்ததா என்று பார்த்ததும் தெரியும்.

மீதி இரண்டு முறை சூடு. பேட்டரிப் பெட்டி சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட் சூடு தாங்காமல் தானே நிறுத்திவிடும். ஆறினால் தானே வரும்.

இரவு முழுக்க ஏசி?

ஒரு டன் ஏசி எட்டு மணி நேரத்துக்கு 4, 5 யூனிட் கேட்கும். மேலே சொன்ன பேட்டரியில் நடக்காது.

எங்கே நிறுத்தித் தூங்குவது?

ஒரு ரூம் எடுத்து, அதன் வளாகத்தில் வண்டியை நிறுத்துங்கள். கேட்பதற்குக் கேரவனின் நோக்கத்தையே கெடுப்பதுபோல் இருக்கும். ஆனால் அந்த வாடகையில் பிளக், குளியலறை, தண்ணீர், காவல், அவசர மீட்டிங்குக்கு ஒரு நிசப்தமான அறை எல்லாம் சேர்ந்து வருகிறது. மாமல்லபுரத்திலும் தஞ்சையிலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதிகளில் வண்டி திருப்ப இடம் தாராளம். சாலையோரம், குளக்கரை, ஆற்றுப்படுகை எதுவும் வேண்டாம். ஓரிரவு மட்டும் ஒதுங்க வேண்டுமென்றால் லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் பங்கில் கேட்டு நிறுத்துங்கள்.

தண்ணீரும் கழிப்பறையும்?

இருவருக்கு 100 லிட்டர் இரண்டு நாள் வரும், சிக்கனமாகக் குளித்தால். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. ஓடும் நாளில் கால்வாசி மட்டும் வைத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். குடிக்க 20 லிட்டர் கேன் தனி. ராமநாதபுரம், புதுக்கோட்டை பக்கத்து உப்புத் தண்ணீர் வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படியும்.

20 லிட்டர் கேசட் கழிப்பறை (கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுத்துக் கொட்டும் வகை) இருவருக்கு 2 நாள், மிஞ்சினால் 3. கொட்ட வேண்டியது செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறைக் கோப்பையில், மெதுவாக. ஃபார்மலின் கலந்த ரசாயனம் போட்டால் அந்த டேங்கின் பாக்டீரியா செத்துவிடும். விடுதிக்காரருக்கு உங்கள் நினைவு நீங்காமல் இருக்கும். என்சைம் வகை வாங்குங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் பிடித்து வைத்துத்தான் கொட்ட வேண்டும், கோயில் மதிலோரம் திறந்துவிடக் கூடாது.

கேஸ் அடுப்பு?

5 கிலோ சிலிண்டர், வெளியிலிருந்து திறக்கும் தனிப் பெட்டியில், அடியில் காற்றோட்டத் துளையோடு. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். மேலே இருக்கும் ஜன்னல் அதை வெளியேற்றாது. ஓடும்போது ரெகுலேட்டரை மூடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கை உயரத்தில்.

பெரிய வண்டி ஊருக்குள் போகுமா?

கும்பகோணம், மதுரை உள்வீதிகளுக்கு வேண்டாம். வெளியே நிறுத்தி ஆட்டோ பிடியுங்கள். வண்டியின் உயரத்தை ஏசி, பேனல், ஆன்டெனா எல்லாம் சேர்த்து டேப் வைத்து அளந்து, ஸ்டியரிங் எதிரே எழுதி ஒட்டுங்கள். ஆர்சி புத்தகத்தை நம்பிக் கிளம்பினால் ஏசி எங்காவது ரயில்வே சுரங்கப் பாலத்தில் தங்கிவிடும். மழைநாளில் அந்தச் சுரங்கப் பாலங்களில் இறங்கவே இறங்காதீர்கள்.

ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் எங்கே எதைப் பார்ப்பது?

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் ஒரே டிக்கெட், இந்தியர்களுக்கு 40 ரூபாய். அர்ச்சுனன் தபசுக்குக் கட்டணமில்லை. கடற்கரைக் கோயிலைக் காலையில் பாருங்கள், சூரியன் கடல் பக்கமிருந்து வரும்.

செஞ்சியில் ராஜகிரி ஏறி இறங்க 3 மணி நேரமாவது வேண்டும். மதியத்துக்கு மேல் ஏறவிட மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். 2025இல் மராட்டியர் கோட்டைகளோடு சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாகியிருக்கிறது. குரங்குகள் ஏராளம். கையில் பாலித்தீன் பை இருந்தால் அது உணவு என்பது அவற்றின் முடிவு. வேனின் கூரை ஜன்னலை மூடாமல் போகாதீர்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் வடக்கு வாசல் படியருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவன் தன் கையால் சண்டேசருக்குப் பூமாலை சுற்றும் அந்தச் சிற்பத்துக்கு மட்டும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். ராஜேந்திரன் எழுப்பிய இந்த விமானத்தின் (கருவறைக்கு மேலுள்ள கோபுரம்) விளிம்பு உள்வளைந்து ஏறும். மூன்று நாள் கழித்துத் தஞ்சையில் 1010இல் அவன் தந்தை ராஜராஜன் எழுப்பிய விமானம் நேர்க்கோட்டில் ஏறுவதைப் பார்க்கும்போது, அப்பாவுக்கும் மகனுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும். தஞ்சையில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து அடிப்பீடத்துக் கல்வெட்டையும் பாருங்கள். தாராசுரத்தில் நாயன்மார் கதைகள் சாண் உயரச் சிற்பங்களாக, பெயர்க் குறிப்போடு வரிசையாக இருக்கின்றன. டார்ச் ஒன்று கொண்டுபோங்கள்.

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் குகைக்கோயிலில் கூரையில் தாமரைக் குளம் ஓவியம். மேலே ஏழடிப்பட்டம் என்ற குகையில் 17 கற்படுக்கைகள், தமிழி (பழந்தமிழ் பிராமி) எழுத்து. வெயிலேறும் முன் ஏழடிப்பட்டம், அப்புறம் ஓவியம் என்ற வரிசை வசதி.

கோயிலுக்குள் போன் வரலாமா? ஆன்-கால் டியூட்டி இருக்கிறதே?

தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் போனை வெளியே கொடுத்துச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். ஆன்-கால் வாரத்தில் மதுரையை வைக்காதீர்கள். லேப்டாப் பையோடும் போகாதீர்கள். வேனில் விட்டுப் போவதென்றால் டேஷ்போர்டில் வேண்டாம். மூடிய வண்டி வெயிலில் 55 டிகிரியைத் தாண்டும், லேப்டாப் பேட்டரி உப்பும். படுக்கைக்கு அடியில் பூட்டுப்போட்ட பெட்டிதான் இடம். பவர் பேங்கும் அங்கேயே.

சொந்த வேனைக் கேரவனாக மாற்றலாமா? லைசென்ஸ்?

ஆர்டிஓ அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இடம் தராது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது இதைத்தான். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வாடகை வண்டி என்றால், வழியில் புதுச்சேரியில் ஒரு காபி என்று ஆசைப்படும் முன் பர்மிட் பாருங்கள். அது வேறு ஆட்சிப்பகுதி.

கிளம்பும் முன் என்ன சோதிக்க வேண்டும்?

வீட்டு வாசலில் ஒரு வேலைநாள் முழுக்க வேனுக்குள் இருங்கள். வீட்டு வைஃபை, வீட்டு பிளக், வீட்டுக் கழிப்பறை எதையும் தொடக் கூடாது. காலை 9க்குப் பேட்டரி எத்தனை சதவீதம், இரவு 9க்கு எத்தனை என்று எழுதுங்கள். மேசை 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறதா, மூன்றாவது மணி நேரத்தில் முதுகு என்ன சொல்கிறது, மீட்டிங் நடக்கும்போது இன்னொருவர் டீ போட்டால் மைக்கில் எவ்வளவு சத்தம் போகிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். மைக்கில் டீ சத்தம் கேட்டால் அடுப்படிக்கும் மேசைக்கும் நடுவே கனத்த திரை ஒன்று தொங்கவிடுங்கள்.